ஆங்கிலப் பேச்சில் ஒப்புதலும் மறுப்பும்: பெங்களூரு வாசகிக்குப் பதில்

கேள்வி: அம்மா, வணக்கம். என் சொந்த ஊர் தர்மபுரி. தமிழ் வழியில் பள்ளிப் படிப்பை முடித்து, வணிகவியலில் பட்டம் பெற்று, இப்போது பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதுவதில் எனக்குச் சிரமம் இல்லை, பேச்சில்தான் தடுமாறுகிறேன். யார் என்ன சொன்னாலும் ‘மீ டூ’, ‘யெஸ்’, ‘நோ’ என்பவற்றைத் தவிர வேறு பதில் வாயில் வருவதில்லை. சென்ற மாதம் இங்கிலாந்திலுள்ள ஒரு வெண்டர் தொலைபேசியில் ‘யூ ஹாவன்ட் ரிசீவ்ட் தி இன்வாய்ஸ், ஹாவ் யூ?’ என்று கேட்டார். வரவில்லை என்ற எண்ணத்தில் ‘யெஸ்’ என்றேன். அவர் அது வந்துவிட்டதாக எடுத்துக்கொண்டு மறுபடி அனுப்பவே இல்லை. பணம் செலுத்துவது தள்ளிப்போனதால் மேலாளரிடம் பேச்சு வாங்கினேன். கூட்டங்களிலும் மறுத்துச் சொல்ல வேண்டிய இடத்தில், முகத்தில் அடித்தாற்போல் ஆகிவிடுமோ என்று பயந்து பேசாமல் இருந்துவிடுகிறேன். ஒப்புக்கொள்ளவும் மறுக்கவும் ஆங்கிலத்தில் சுருக்கமாக எப்படிப் பதில் சொல்வது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

அந்தத் தொலைபேசிப் பேச்சில் நேர்ந்ததை உங்கள் ஆங்கிலம் போதவில்லை என்பதற்கு அடையாளமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எதிர்மறையாகக் கேட்கப்படும் கேள்விக்குத் தமிழ் பதில் சொல்லும் முறை வேறு, ஆங்கிலம் பதில் சொல்லும் முறை வேறு. ‘இன்னும் பில் வரலையா?’ என்று கேட்டால் ‘ஆமாம், வரலை’ என்கிறோம். அந்த ‘ஆமாம்’, கேட்டவர் நினைத்தது சரிதான் என்று உறுதி சொல்கிறது. ஆங்கிலத்தின் ‘யெஸ்’, ‘நோ’ இரண்டும் கேட்டவர் என்ன நினைத்தார் என்பதைப் பொருட்படுத்துவதில்லை. அடுத்து நீங்கள் சொல்லப்போகும் வாக்கியம் உடன்பாடா, எதிர்மறையா என்பதை மட்டுமே சார்ந்து நிற்கின்றன. இன்வாய்ஸ் வந்திருந்தால், கேள்வி எப்படி அமைந்தாலும் ‘யெஸ், ஐ ஹாவ்’ என்பதுதான் பதில். வரவில்லை என்றால், கேள்வி எப்படி அமைந்தாலும் ‘நோ, ஐ ஹாவன்ட்’ என்பதுதான் பதில்.

பெங்களூருவில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்த வேறுபாடு நெடுநாள் கண்ணில் படாமலே போவதற்குக் காரணம் உண்டு. கன்னடத்திலும் ‘பர்லில்வா?’ என்று கேட்டால் ‘ஹவுது, பர்லில்லா’ என்று பதில் வரும். மலையாளமும் தெலுங்கும் ஹிந்தியும் பேசுகிற உங்கள் சக ஊழியர்களும் இதே வழக்கம் உடையவர்கள். ஆகவே உங்கள் குழுவுக்குள் ‘யெஸ், நாட் ரிசீவ்ட்’ என்று சொன்னால் ஒருவருக்கும் குழப்பம் வராது, ஒருவரும் திருத்தவும் மாட்டார்கள். நேரில் பேசும்போது தலையசைப்பும் துணைக்கு இருக்கிறது. ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டவருடன், முகம் தெரியாத தொலைபேசியில் பேசும்போதுதான் அந்த ஒற்றை ‘யெஸ்’ வேறு பொருளில் போய்ச் சேர்கிறது.

அவருடைய காதில் அது ஏன் அவ்வளவு உறுதியாக ‘வந்துவிட்டது’ என்று ஒலித்தது என்பதற்கு ஆங்கிலத்தின் பழைய வரலாறும் உதவும். ஒரு காலத்தில் அந்த மொழியில் இதற்கு இரண்டல்ல, நான்கு சொற்கள் இருந்தன. உடன்பாடாகக் கேட்டால் ‘யே’, ‘நே’ என்றும், எதிர்மறையாகக் கேட்டால் ‘யெஸ்’, ‘நோ’ என்றும் பதில் சொன்னார்கள். எதிர்மறைக் கேள்வியை மறுத்து ‘அப்படியல்ல, நடந்துவிட்டது’ என்று சொல்வதற்கே ‘யெஸ்’ பயன்பட்டது. பைபிளை மொழிபெயர்த்த வில்லியம் டிண்டேல் ‘நே’ வர வேண்டிய இடத்தில் ‘நோ’ போட்டுவிட்டார் என்று ஆங்கில அறிஞர் தாமஸ் மோர் 1532-இல் கண்டித்து எழுதினார் என்றால், அந்தப் பாகுபாடு அப்போதே கரைந்துகொண்டிருந்தது என்று தெரிகிறது. பின்னர் ‘யே’, ‘நே’ இரண்டும் பொதுப் பேச்சிலிருந்து விலகின. ஆனால் எதிர்மறைக் கேள்விக்குப் பின் வரும் தனி ‘யெஸ்’ஸுக்கு அந்த மறுக்கும் குணம் இன்றும் போகவில்லை.

இதற்கு நான் சொல்லும் முதல் பயிற்சி, ‘யெஸ்’ஸையோ ‘நோ’வையோ ஒருபோதும் தனியே விடாமல், பின்னால் இரண்டு சொற்களைச் சேர்த்துச் சொல்வதுதான். ‘நோ, ஐ ஹாவன்ட்’, ‘யெஸ், ஷி டஸ்’, ‘நோ, இட் வோன்ட்’ என்று முடிக்கும் பழக்கம் வந்துவிட்டால், முதற்சொல் தவறிப்போனாலும் பின் வரும் சொற்கள் உங்கள் கருத்தைக் காப்பாற்றிவிடும். கேட்பவர் அவற்றைத்தான் நம்புவார். இரண்டாவது வழி, ஆமாம் என்று சொல்லத் துடிக்கும் நாக்குக்கு வேறு ஒரு சொல்லைக் கொடுப்பது. ‘யூ ஹாவன்ட் ரிசீவ்ட் இட்?’ என்று ஒருவர் உறுதி கேட்கும்போது ‘தட்ஸ் ரைட், ஐ ஹாவன்ட்’ என்று சொல்லலாம். ‘தட்ஸ் ரைட்’ நம் ‘ஆமாம்’ போலவே, எதிரில் இருப்பவர் சொன்னது சரி என்று ஏற்றுக்கொள்கிறது. எதிர்மறைக் கூற்றுக்குப் பின்னாலும் பிசகின்றிப் பொருந்துகிறது. கணக்குப் பிரிவில் இருக்கும் உங்களுக்கு, தொகையும் தேதியும் சரிபார்க்கும் பேச்சுகளில், இதைவிடப் பயனுள்ள தொடர் வேறு இல்லை என்றே சொல்வேன்.

இங்கே இரண்டு சிறு எச்சரிக்கைகள். உடன்பாட்டுப் பதிலின் இறுதிச் சொல்லைச் சுருக்கக் கூடாது: ‘யெஸ், ஐ ஆம்’ என்பது சரி, ‘யெஸ், ஐம்’ என்று நிறுத்துவது பிழை, ‘யெஸ், இட் இஸ்’ என்பது சரி, ‘யெஸ், இட்ஸ்’ என்பது பிழை. அடுத்து, ‘டூ யூ மைண்ட் இஃப் வி ஸ்டார்ட்?’ என்ற கேள்வி, தொடங்கினால் உங்களுக்கு ஆட்சேபம் உண்டா என்று கேட்கிறது. ஆட்சேபம் இல்லையென்றால் ‘நோ, நாட் அட் ஆல்’ என்று சொல்ல வேண்டும்.

இனி ‘மீ டூ’வுக்கு வருவோம். அதில் தவறொன்றும் இல்லை, நண்பர்களிடையே நாள்தோறும் புழங்கும் தொடர்தான். ஆனால் அதன் எல்லை சிறியது. எதிர்மறைக் கூற்றுக்குப் பின்னால் அது பொருந்தாது. மேலாளரைப் பற்றியோ குழுவைப் பற்றியோ சொல்ல உதவாது. அதற்கு அப்பால் செல்ல ஒரே ஒரு திறமை போதும்: எதிரில் இருப்பவரின் வாக்கியத்திலுள்ள துணைவினையை (‘ஹாவ்’, ‘கான்’ போன்றவற்றை) காதில் வாங்கி, அதையே எடுத்துத் திருப்பிச் சொல்வது. ‘ஐ ஆம் ஒர்க்கிங் ஃப்ரம் ஹோம் டுமாரோ’ என்றால் ‘ஸோ ஆம் ஐ’. ‘ஐ ஹாவ் ஃபினிஷ்ட் மை ரிப்போர்ட்’ என்றால் ‘ஸோ ஹாவ் ஐ’. வாக்கியத்தில் துணைவினை வெளிப்படையாக இல்லாதபோது ‘டூ’, ‘டஸ்’, ‘டிட்’ வந்து நிற்கும். ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரை மஞ்சள் தட மெட்ரோ 2025 ஆகஸ்டில் ஓடத் தொடங்கிய பிறகு உங்கள் அலுவலகத்தில் ‘ஐ டுக் தி மெட்ரோ டுடே’ என்பதை அடிக்கடி கேட்பீர்கள்; நீங்களும் அதில்தான் வந்தீர்கள் என்றால் ‘ஸோ டிட் ஐ’, உங்கள் மேலாளரும் அதில் வந்தார் என்றால் ‘ஸோ டிட் மை மேனேஜர்’. எதிர்மறைக்கு ‘ஸோ’ இருக்கும் இடத்தில் ‘நைதர்’ அல்லது ‘நார்’ வரும்: ‘ஐ கான்ட் ஸ்டாண்ட் தி டிராஃபிக் அட் சில்க் போர்டு’ என்று ஒருவர் அலுத்துக்கொண்டால் ‘நைதர் கான் ஐ’ என்பது பதில். அதையே ‘நீதர்’ என்று உச்சரித்தாலும் சரியே. ‘மீ நைதர்’ என்பது பேச்சு வழக்கில் எளிதாக ஏற்கப்படும்.

இலக்கண நூல்கள் இவ்வளவோடு நிறுத்திவிடும். தடுமாற்றமோ உண்மையான பேச்சில்தான் தொடங்குகிறது. ‘நாட்’ என்ற சொல் இல்லாமலே எதிர்மறையாக நிற்கும் வாக்கியங்கள் உண்டு: ‘ஐ நெவர் ஈட் அவுட்’, ‘ஐ ஹார்ட்லி ஸ்லெப்ட்’ ஆகிய இரண்டுக்கும் முறையே ‘நைதர் டூ ஐ’, ‘நைதர் டிட் ஐ’ என்றுதான் சொல்ல வேண்டும். வெறுப்பையும் ஐயத்தையும் சொன்னாலும் அமைப்பில் உடன்பாடாக நிற்பவையும் உண்டு: ‘ஐ ஹேட் லேட் மீட்டிங்ஸ்’, ‘ஐ டவுட் இட்’ என்பவற்றுக்கு ‘ஸோ டூ ஐ’தான். கூட்டங்களில் மிகுதியாகக் காதில் விழும் ‘ஐ டோன்ட் திங்க் இட் வில் ஒர்க்’ என்ற வாக்கியத்துக்கு நம்மவர்களில் பலர் ‘மீ டூ’ என்கிறார்கள். ‘நைதர் டூ ஐ’ என்பதே அதற்குரிய பதில். ‘ஐ’யுடன் ஒட்டி ஒலிக்கும் ஒற்றை ‘ட்’ இன்னொரு சிக்கல். ‘ஐட் லைக் சம் காஃபி’ என்பதில் அது ‘வுட்’, ஆகவே ‘ஸோ வுட் ஐ’. ‘ஐட் ஆல்ரெடி லெஃப்ட்’ என்பதில் அது ‘ஹாட்’, ஆகவே ‘ஸோ ஹாட் ஐ’. பின்னால் வரும் வினைச்சொல்தான் இதைத் தீர்மானிக்கிறது என்பதால் வாக்கியம் முடியும்வரை கேட்கப் பழகுங்கள். ‘ஐ ஹாவ் எ பைக்’ என்பதிலுள்ள ‘ஹாவ்’ துணைவினை அன்று, உடைமையைக் குறிக்கும் முழுவினை; அதற்கு ‘ஸோ டூ ஐ’ என்பதே இன்றைய பொது வழக்கு. ‘ஸோ’வுக்குப் பின்வரும் இரு சொற்களின் வரிசையையும் மாற்றிவிடாதீர்கள். ‘யூ ஹாவ் இங்க் ஆன் யுவர் ஸ்லீவ்’ என்று ஒருவர் காட்டும்போது, அட, ஆமாம், இருக்கிறதே என்ற வியப்பில் சொல்வது ‘ஸோ ஐ ஹாவ்’. அங்கே ‘நானும்’ என்ற பொருளே கிடையாது.

மறுத்துச் சொல்லும் குறும்பதில்களில் இரு வகை இருப்பதை நன்றாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். முதல் வகையில் அவரவர் தம்மைப் பற்றிச் சொல்கிறார்கள். ‘ஐ டோன்ட் லைக் ஃபில்டர் காஃபி’ என்று அவர் சொல்ல, உங்களுக்கு அது பிடிக்கும் என்றால் ‘ஐ டூ’ என்கிறீர்கள். ‘ஐ லைக் இட்’ என்று அவர் சொல்ல, உங்களுக்குப் பிடிக்காது என்றால் ‘ஐ டோன்ட்’ என்கிறீர்கள். இங்கே அழுத்தம் ‘ஐ’ மீது விழும். இருவரும் சொன்னது உண்மை, சண்டைக்கு இடமில்லை. இன்னொரு வகையில் அவர் உங்களைப் பற்றிச் சொன்னதையே நீங்கள் பொய்யாக்குகிறீர்கள். ‘யூ டிடன்ட் சென்ட் தி ஃபைல்’ என்பதற்கு ‘ஐ டிட்’ என்றால் அழுத்தம் ‘டிட்’ மீது விழும், அது நேரான மறுப்பு. அலுவலகத்தில் அது கடினமாக ஒலிக்காமல் இருக்க ‘ஐ திங்க் ஐ டிட். லெட் மி செக்’ என்று சொல்லிவிட்டு, அனுப்பிய தேதியைத் தேடி எடுத்துச் சொல்வதே நல்லது. முதல் வகையைக்கூட ‘டூ யூ? ஐ டோன்ட்’ என்று ஒரு சிறு கேள்வியோடு தொடங்கினால் பேச்சில் இணக்கம் வரும்.

உங்கள் பயம் இதைவிட ஆழமான இடத்தைத் தொடுகிறது. விருப்பு வெறுப்பில் ‘ஐ டோன்ட்’ என்று நிறுத்தலாம். ஆனால் ‘ஐ திங்க் வி ஷுட் குளோஸ் தி அக்கவுண்ட்ஸ் ஆன் ஃப்ரைடே’ என்று மேலாளர் ஒரு யோசனை சொல்லும்போது ‘ஐ டோன்ட்’ என்று மட்டும் சொன்னால், நீங்கள் அஞ்சுகிறபடியே, முகத்தில் அடித்தாற்போல்தான் இருக்கும். ஆங்கிலம் பேசுபவர்கள் உண்மையில் எப்படி மறுக்கிறார்கள் என்பதைப் பதிவுசெய்த உரையாடல்களைக் கொண்டு அனிதா பொமரன்ட்ஸ் என்ற ஆய்வாளர் 1984-இல் வெளியிட்ட கட்டுரையில் விளக்கினார். அவர் காட்டியது இது: ஒப்புதல் உடனே, சுருக்கமாக, பெரும்பாலும் ஒரு படி கூடுதலாக வருகிறது, மறுப்போ சற்றுத் தயங்கி, ‘வெல்’ போன்ற சொல்லோடு தொடங்கி, பாதி ஒப்புதலுக்குப் பின்னால், காரணத்தோடு வருகிறது. அதனால்தான் ‘இட்ஸ் எ குட் பிளான்’ என்பதற்கு ‘யெஸ், இட்ஸ் எ வெரி குட் பிளான்’ என்பது முழு ஒப்புதலாகவும், வெறும் ‘யா, இட்ஸ் ஓகே’ என்பது மறைமுக மறுப்பாகவும் கேட்கிறது. மேலாளரிடம் நீங்கள் சொல்லத்தக்க வடிவமும் இதிலிருந்தே கிடைக்கிறது: ‘வெல், ஃப்ரைடே இஸ் பாசிபிள், பட் டூ வெண்டர்ஸ் ஹாவன்ட் பில்ட் அஸ் யெட்’. இதில் மறுப்புச் சொல்லே இல்லை, காரணம்தான் மறுக்கிறது. கணக்குப் பிரிவில் உங்களிடம் காரணங்களுக்குப் பஞ்சம் இருக்காது. காரணம் உடனே கைவராதபோது ‘ஐ ஆம் நாட் ஷூர் அபவுட் தட்’ என்று சொல்லி ஓரிரு நொடி அவகாசம் பெறலாம்.

அந்த ஓரிரு நொடியும் பேசுகிறது என்பதை மறக்க வேண்டாம். பத்து மொழிகளில் கேள்வி பதில்களை அளந்து 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், கேள்விக்கும் பதிலுக்கும் இடையிலான சராசரி இடைவெளி ஏறத்தாழ 200 மில்லி நொடி, அதாவது ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு என்று தெரியவந்தது. மறுக்கும் பதில்கள்தாம் பிந்தி வருவது வழக்கம் என்பதால், நீங்கள் முழுவதும் ஒப்புக்கொள்ளும் ஒரு கருத்துக்குச் சரியான வாக்கியத்தைத் தேடி ஒரு நொடிக்கு மேல் மௌனமாக இருந்தால், தொலைபேசியின் மறுமுனையில் இருப்பவர் உங்களுக்கு விருப்பமில்லை என்று நினைத்துக்கொள்ளக்கூடும். குறும்பதில்களைக் கற்பதன் பெரும்பயன் எனக்கு இங்கேதான் தெரிகிறது. ‘ஸோ டூ ஐ’ என்பதை உடனே சொல்லிவிட்டால் உங்கள் நிலை தெரிந்துவிடுகிறது. பிறகு விளக்கத்துக்கான வாக்கியத்தை நிதானமாகக் கட்டலாம்.

விதிவிலக்காக ஓர் இடம் உண்டு. ‘ஐ ஆம் டெரிபிள் அட் எக்ஸெல்’ என்று ஒருவர் தம்மையே குறைத்துச் சொல்லும்போது ‘யெஸ், யூ ஆர்’ என்று ஒப்புக்கொள்வது புண்படுத்தும். அங்கே மறுப்பதே பண்பு: ‘நோ, யூ ஆர் நாட்’. ‘ஸோ ஆம் ஐ’ என்று உங்களையும் அவரோடு சேர்த்துக்கொள்வதும் நன்றாக இருக்கும்.

தமிழிலிருந்து நம்மை அறியாமல் ஆங்கிலத்துக்குள் வந்துவிடும் இரண்டு பழக்கங்களையும் சொல்லியாக வேண்டும். ஒன்று, பேச்சைத் தொடங்கும் ‘இல்ல’. ‘இல்ல, நான் என்ன சொல்றேன்னா’ என்று நாம் தொடங்கும்போது யாரையும் மறுப்பதில்லை; பேச இடம் கேட்கிறோம், அவ்வளவுதான். அதையே ‘நோ, நோ, வாட் ஐ ஆம் சேயிங் இஸ்’ என்று ஆங்கிலத்தில் தொடங்கினால், அடுத்து நீங்கள் அவர் கருத்தையே ஆதரித்துப் பேசினாலும், முதலில் அவர் காதில் விழுவது மறுப்பு. அந்த இடத்தில் ‘வெல்’, ‘ஐ மீன்’ என்பவற்றைப் பழகுங்கள். மற்றொன்று, நம் ‘சரி சரி’. காதில் விழுந்தது, மேலே சொல்லுங்கள் என்ற பொருளில் நாம் சொல்லும் அது ‘ஓகே, ஓகே’ என்று மாறும்போது, கேட்பவர் நீங்கள் சம்மதித்துவிட்டதாக எழுதி வைத்துக்கொள்வார். கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று மட்டும் உணர்த்த ‘ஐ ஸீ’ போதுமானது.

தனித்தனியே கற்க வேண்டிய சில தொடர்கள் மீதம் இருக்கின்றன. ‘வில் இட் பி டிலேட்?’ என்ற கேள்விக்குத் தாமதமாகாது என்று நம்பினால் ‘ஐ ஹோப் நாட்’ என்று சொல்ல வேண்டும். ‘ஐ டோன்ட் ஹோப் ஸோ’ என்பது வழக்கில் இல்லை. நினைப்பைச் சொல்லும்போது மட்டும் ‘ஐ டோன்ட் திங்க் ஸோ’. வருத்தத்தோடு ஒப்புக்கொள்ள ‘ஐ ஆம் அஃப்ரெய்ட் ஸோ’, வருத்தத்தோடு இல்லை என்று சொல்ல ‘ஐ ஆம் அஃப்ரெய்ட் நாட்’. ‘ஐ குடன்ட் அக்ரீ மோர்’ என்று யாராவது சொன்னால் மறுக்கிறார் என்று எண்ணிவிடாதீர்கள். இதற்கு மேல் ஒப்புக்கொள்ள முடியாது என்கிற அளவுக்கு முழுமையாக ஒப்புக்கொள்கிறார். ‘ஐ ஆம் அக்ரீ’ என்று சொல்லும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், ‘ஐ அக்ரீ’ என்பதே வடிவம்.

பயிற்சிக்கு நூல் எதுவும் வாங்க வேண்டாம். அலுவலகத்திலிருந்து திரும்பும் வழியில், அன்று மற்றவர்கள் சொன்ன வாக்கியங்களில் நினைவிலிருப்பவற்றை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒப்புதல் ஒன்றும் மறுப்பு ஒன்றும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மனத்துக்குள் சொல்வது பலன் தராது, ஏனெனில் இங்கே பழக வேண்டியது நாக்கு. எதிர்மறைக் கேள்விகளை மட்டும் தோழி ஒருவரைக் கேட்கச் சொல்லி, அவற்றுக்கு ‘நோ, ஐ ஹாவன்ட்’, ‘நோ, இட் டிடன்ட்’ என்று வேகமாகப் பதில் சொல்லிப் பழகுங்கள்.

அதன் பிறகும் எப்போதாவது பழைய ‘யெஸ்’ வாயிலிருந்து நழுவும். அப்போது பேச்சை அப்படியே போகவிடாமல் அந்த இடத்திலேயே ‘சாரி, ஐ மீன் நோ, இட் ஹாஸன்ட் கம்’ என்று திருத்திவிடுங்கள். ஆங்கிலம் தாய்மொழியானவர்களும் எதிர்மறைக் கேள்விகளில் குழம்பி ‘யெஸ் யூ ஹாவ், ஆர் யெஸ் யூ ஹாவன்ட்?’ என்று ஒருவரையொருவர் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்வதுண்டு. ஆகவே உங்கள் திருத்தம் யாருக்கும் விந்தையாகத் தோன்றாது. பணம், தேதி, ஒப்புதல் சம்பந்தப்பட்ட பேச்சு என்றால், முடித்த கையோடு ‘ஆஸ் டிஸ்கஸ்ட், வி ஹாவ் நாட் ரிசீவ்ட் தி இன்வாய்ஸ்’ என்று ஒருவரி மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். எழுத்தில் உங்களுக்குச் சிரமம் இல்லை என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள்.